ஹெவியோடு எதைச் சேர்ப்பது?

சிசேரியன் முடிந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். போஸ்ட்-ஆப் வார்டில் படுத்திருப்பவளின் வலது கால் கட்டைவிரல் லேசாக அசையும். "காலு வந்துருச்சும்மா, இனிமே வலி தெரியும்" என்று சிஸ்டர் கடிகாரத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். அரை மணியில் அவர் சொன்னபடியே ஆகும். முதுகில் போட்ட ஊசியின் வேலை அத்தோடு தீர்ந்தது.

அந்த நேரத்தைத் தள்ளிப்போடத்தான் ஸ்பைனல் ஊசியில் ஹெவியோடு இன்னொரு மருந்தைத் துளியளவு சேர்க்கிறோம். எதைச் சேர்ப்பது என்பது ஊருக்கு ஊர், யூனிட்டுக்கு யூனிட் மாறும். பல இடங்களில் காரணம் கேட்டால் "எங்க சீஃப் இதைத்தான் போடுவார்" என்பதே பதில். மயக்க மருந்துத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், அடுத்த மாதம் மேசையில் படுக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்து, நான் போட்டுப் பார்த்த, பார்த்துப் பயந்த மருந்துகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஹெவி என்பது என்ன. பூபிவக்கேன் என்ற மரப்பு மருந்து 0.5 சதவீதம், கூடவே டெக்ஸ்ட்ரோஸ். சர்க்கரை சேர்ந்திருப்பதால் தண்டுவட நீரைவிடக் கனம். ஊசி போட்டுப் படுக்க வைத்ததும் கீழ்நோக்கி இறங்கும். அதனால்தான் அந்தப் பெயர். 4 மி.லி. ஆம்புலில் சிசேரியனுக்கு 2 மி.லி. அளவில் எடுப்போம், அதாவது 10 மில்லிகிராம். நரம்பின் சோடியம் வாயில்களை இது மூடிவிடும். வலி மட்டுமில்லை, தொடு உணர்வு, கால் அசைவு, ரத்தக் குழாயின் இறுக்கம் எல்லாமே போகும். இரண்டு, மூன்று மணி நேரம் தாங்கும். இதையே கூடுதலாகப் போட்டு நேரத்தை நீட்டலாமே என்றால், பி.பி. தரைக்குப் போய்விடும், மூச்சுத் தசை வரை மரத்துப்போகும். ஆகவே வேறு வழியில் வேலை செய்யும் ஒன்றைத் துணைக்குத் தேடுகிறோம்.

இந்தத் தேடல் ஸ்பைனலுக்கு நிகரான வயதுடையது. ஆகஸ்ட் பியர் ஜெர்மனியின் கீல் நகரில் கோகெயினை வைத்து ஸ்பைனல் போட்டது 1898-ல். மூன்றே வருடத்தில், 1901-ல், ருமேனியாவின் ரக்கோவிச்சானு-பிட்டெஷ்டி அதோடு மார்ஃபினைச் சேர்த்துப் போட்டதாக அறிவித்தார். பிறகு அதை எல்லோரும் மறந்தார்கள். 1973-ல் ஓபியாய்டு ஏற்பிகள், அதாவது மார்ஃபின் வகை மருந்துகள் போய் ஒட்டும் இடங்கள், இருப்பது நிரூபணமான பிறகுதான் மார்ஃபின் தண்டுவடத்திலேயே நேராக வேலை செய்யக்கூடும் என்ற யோசனைக்கு உயிர் வந்தது. 1979-ல் புற்றுநோய் வலியில் இருந்த 8 பேருக்குத் தண்டுவட நீரில் மார்ஃபினை மட்டும் செலுத்திய அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. கால் மரக்கவில்லை, பி.பி. இறங்கவில்லை, வலி மட்டும் போனது. வலிச் செய்தி நரம்பிலிருந்து தண்டுவடத்துக்குக் கைமாறுகிற பின்புறக் கொம்பில் மட்டும் மருந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் அதன் சூட்சுமம்.

ஃபென்டனிலா, மார்ஃபினா

இன்றைக்கும் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். இரண்டும் ஒரே பூட்டுக்கான சாவி. ஆனால் ஃபென்டனில் கொழுப்பில் கரையும், மார்ஃபின் தண்ணீரில் கரையும். மற்ற எல்லா வேறுபாடும் இந்த ஒன்றிலிருந்து பிறக்கிறது.

ஃபென்டனிலைத் தண்டுவட நீரில் விட்டதும் பக்கத்தில் இருக்கும் தண்டுவடத்துக்குள்ளும் சுற்றியுள்ள கொழுப்புக்குள்ளும் இறங்கிவிடும். ஐந்து, பத்து நிமிடத்தில் வேலை தொடங்கும்; வெளியேறுவதும் அதே வேகத்தில். 10 முதல் 25 மைக்ரோகிராம் போட்டால் அதிகபட்சம் மூன்று, நான்கு மணி நேரம். அறுவைக்குப் பிறகான வலிக்கு இதை நம்பினால் ஏமாற்றம்தான். ஆனால் அறுவையின் நடுவில் இதற்கு இணை இல்லை. கர்ப்பப்பையை வெளியே எடுத்துத் தைக்கும்போது, வயிற்றுச் சவ்வைத் துடைக்கும்போது, முழுக்க மரத்துப்போன பெண்கூட "உள்ள என்னமோ இழுக்குது டாக்டர், நெஞ்சு வரைக்கும் வருது" என்பாள். வாந்தியும் வரும். ஹெவி மட்டும் போட்ட நாட்களில் இதை அடிக்கடி கேட்பேன். 20 மைக்ரோகிராம் ஃபென்டனில் சேர்த்தால் பெரும்பாலும் கேட்பதில்லை.

மார்ஃபின் கதை வேறு. அது நீரிலேயே மிதந்து நிதானமாகப் பரவும். முழு வேகம் எடுக்க முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஆனால் உட்கார்ந்துவிட்டால் 18 முதல் 24 மணி நேரம். 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு, ஒரு முழு நாளைச் சமாளிக்கிறது. அன்று மாலையே அந்தப் பெண் ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுப்பாள். சிசேரியன் வலி பற்றிய சர்வதேசப் பரிந்துரைகள் இதை முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: வேறெந்தத் துணை மருந்தும் இத்தனை மணி நேரத்தை இவ்வளவு குறைந்த அளவில் தரவில்லை. பிரிட்டனில் மட்டும் இந்த இடத்தில் டயமார்ஃபின் போடும் பழக்கம் உண்டு, 300 மைக்ரோகிராம் அளவில்.

சரி, குறை என்ன? முதலாவது அரிப்பு. ராத்திரி எட்டு மணிக்கு வார்டு ரவுண்ட்ஸ் போனபோது ஒரு பெண் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்திருந்தாள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்ததும், "மருந்துச் சூடு டாக்டரம்மா. பச்சை உடம்புக்காரி, இளநீரும் குடுக்க முடியாது. என்ன செய்யறதுன்னு தெரியல" என்றார். வலி இருக்கிறதா என்று கேட்டேன். "வலியெல்லாம் இல்ல, இந்த அரிப்புதான் உசிரை வாங்குது" என்றாள் பெண். மார்ஃபின் அரிப்பு முகத்திலும் மூக்கிலும்தான் தொடங்கும். இது சூடும் இல்லை, அலர்ஜியும் இல்லை. அதே ஓபியாய்டு ஏற்பிகளின் விளையாட்டு. ஆகவே சிஸ்டர் அவசரத்தில் போடும் அவில் என்ற அலர்ஜி ஊசி இதற்குப் பெரிதாகக் கேட்காது, தூக்கத்தைத்தான் கூட்டும். நரம்பில் 2 அல்லது 3 மில்லிகிராம் நால்புஃபின், இல்லையென்றால் ஓபியாய்டை முறிக்கும் நலாக்ஸோன் துளி கொடுத்தால் அரிப்பு அடங்கும், வலி திரும்பாது. அன்று நால்புஃபின் கொடுத்தேன். அரை மணியில் தூங்கிவிட்டாள். அவளுடைய அம்மா மட்டும் நம்பிக்கையில்லாமல் பாதங்களுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது குறைதான் எங்களைத் தூங்கவிடாதது. நீரில் மிதக்கும் மார்ஃபின் மெல்ல மேலேறி மூளைத்தண்டு வரை போகும். மூச்சு குறைவது போட்ட உடனே இல்லை, 6 மணி, 12 மணி நேரம் கழித்து. அதாவது பகல் அறுவைக்கு ராத்திரியில். 100 மைக்ரோகிராமில் ஆரோக்கியமான இளம்பெண்ணுக்கு இது அபூர்வம். உடல் பருமன், தூக்கத்தில் மூச்சடைப்பு, கூடவே தூக்க ஊசி, பிரசவ வலிப்புக்கான மெக்னீசியம் எல்லாம் சேர்ந்தால் அபூர்வம் என்ற சொல்லை நம்ப முடியாது. பிரசவ மயக்கவியல் சங்கத்தின் 2019 பரிந்துரை இதற்குத் தெளிவான கணக்கு வைத்திருக்கிறது: 50 மைக்ரோகிராமுக்கு மேல் 150 வரை போட்டால், வேறு ஆபத்து இல்லாத தாய்க்கு 12 மணி நேரத்துக்கு 2 மணிக்கொருமுறை மூச்சையும் விழிப்பையும் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் கருவி போதாது. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் மூச்சு நிமிடத்துக்கு எட்டாக இறங்கிய பிறகும் அது 98 காட்டிக்கொண்டிருக்கும். போர்வையை விலக்கி, மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும்.

ஒரு சிஸ்டருக்கு 30 கட்டில் இருக்கும் வார்டில் அதை யார் எண்ணுவது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நான் மார்ஃபின் ஆம்புலை உடைப்பதில்லை. 24 மணி நேரத்துக்கு மருந்து போட்டால் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் போட வேண்டும்.

ஒரு சுழியின் கனம்

மார்ஃபினின் மூன்றாவது பிரச்சினை புத்தகங்களில் ஒரு வரியில் போய்விடும். மேசையில் அப்படிப் போகாது. நம் கையில் வரும் ஆம்புல் 1 மி.லி.யில் 10 அல்லது 15 மில்லிகிராம். நமக்கு வேண்டியது 100 மைக்ரோகிராம். 10 மில்லிகிராம் ஆம்புலில் அது 0.01 மி.லி.; எந்த சிரிஞ்சிலும் எடுக்க முடியாத அளவு. ஆகவே ஆம்புலைச் சலைன் சேர்த்து 10 மி.லி. ஆக்க வேண்டும். அதிலிருந்து 1 மி.லி. எடுத்து மறுபடி 10 ஆக்க வேண்டும். அப்போதுதான் ஒரு மி.லி.யில் 100 மைக்ரோகிராம் நிற்கும். இரண்டாவது முறை கலக்க மறந்தால் பத்து மடங்கு மருந்து முதுகில் போகும். இந்தக் கலவையை நான் ஒருபோதும் தனியாகச் செய்வதில்லை. டெக்னீஷியன் தம்பியைக் கூப்பிட்டுச் சத்தமாகக் கணக்குச் சொல்லித்தான் செய்வேன். அதுவும் பதப்படுத்தும் பொருள் சேர்க்காத ஆம்புலாக இருக்க வேண்டும். அது எல்லா ஊர் மருந்தகத்திலும் இருக்காது.

சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 1985-ன் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் மார்ஃபின் வாங்கப் பல அனுமதிகள் தேவைப்பட்டன. 2014 திருத்தம் மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட சிலவற்றை அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று பிரித்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் பெறும் ஒரே அனுமதியில் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் பூட்டும் பதிவேடும் எதற்கு என்று ஒதுங்கும் சிறு நர்சிங் ஹோம்கள் உண்டு. தாலுகா ஊர்களில் எந்த மருந்து முதுகில் போகிறது என்பதைப் பாதி நேரம் முடிவுசெய்வது அந்த பீரோதான்.

இந்த இடைவெளியில் புகுந்ததுதான் ப்யூப்ரனார்ஃபின். நம் நாட்டில் இதன் செல்வாக்கு பெரிது. 1 மி.லி.யில் 300 மைக்ரோகிராம் இருக்கும் ஆம்புலில் 0.2 மி.லி. எடுத்தால் 60 மைக்ரோகிராம்; இரண்டு தடவை கலக்கும் வேலையே இல்லை. ஆறு முதல் எட்டு மணி நேரம் நிம்மதி. கொழுப்பில் கரைவதால் மார்ஃபின் போலத் தாமதமாகத் தலைக்கு ஏறும் பயம் குறைவு. குறை என்று பார்த்தால் வாந்தி. சில பெண்கள் குழந்தையைப் பார்த்த சந்தோஷத்தைவிடக் கிட்னி டிரேயைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். அரைத் தூக்கமும் இருக்கும். ஒருவேளை மூச்சு குறைந்தால், ஏற்பியை இது இறுகப் பிடித்துக்கொள்வதால் நலாக்ஸோனுக்குச் சட்டென்று விட்டுக்கொடுக்காது. இருந்தாலும் ராத்திரிப் பார்வை குறைவான இடங்களில் மார்ஃபினுக்குப் பதில் இதைப் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

நால்புஃபின் இன்னும் சாது. ஓபியாய்டு ஏற்பிகளில் மியூ என்ற வகையைத் தடுத்து, கப்பா என்ற வகையைத் தூண்டும். அரிப்பு குறைவு. 0.4 முதல் 0.8 மில்லிகிராம். பலனும் சாதுவானதுதான், ஃபென்டனிலைவிடச் சற்று நீளம், ப்யூப்ரனார்ஃபினை எட்டாது. அளவைக் கூட்டினாலும் பலன் ஓர் எல்லையில் நின்றுவிடும்.

டெக்ஸ்மெட் மோகம்

ஓபியாய்டே வேண்டாம் என்பவர்களின் கட்சிக்கு இரண்டு தலைவர்கள்: குளோனிடின், டெக்ஸ்மெடிடோமிடின். இரண்டும் ஆல்ஃபா-2 ஏற்பியில் வேலை செய்பவை. அந்த ஏற்பியை மட்டும் தேர்ந்தெடுக்கும் திறனில் டெக்ஸ்மெட், குளோனிடினைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. அதனால்தான் குளோனிடின் 30 மைக்ரோகிராம் செய்வதை டெக்ஸ்மெட் 5 மைக்ரோகிராம் செய்கிறது, கூடவே இன்னும் கொஞ்சம் நீட்டித்துத் தருகிறது. அரிப்பு இல்லை. மூச்சைக் குறைக்காது. ஸ்பைனலுக்குப் பின் பல் தந்தியடிக்க வைக்கும் நடுக்கம் வெகுவாகக் குறையும். முதுநிலை மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளைப் புரட்டினால் பாதி இதுவாகத்தான் இருக்கும். ஹெவியோடு ஃபென்டனில் ஒரு பக்கம், டெக்ஸ்மெட் மறுபக்கம், ஜெயிப்பது எப்போதும் டெக்ஸ்மெட்.

எனக்கு அந்த வெற்றியில் ஒரு சந்தேகம் உண்டு. வலி எத்தனை மணிக்கு வந்தது என்று மட்டும் அளந்தால் டெக்ஸ்மெட் ஜெயிக்கும். கால் எப்போது வந்தது, எழுந்து நடந்தது எப்போது என்று அளந்தால் கதை மாறும். இது வலியில்லாத நேரத்தை மட்டும் நீட்டிப்பதில்லை. ஹெவியின் மரப்பையே சேர்த்து நீட்டுகிறது. கால் ஐந்து, ஆறு மணி நேரம் அசையாமல் கிடப்பதும் உண்டு. ஓபியாய்டின் அழகே கால் வந்த பிறகும் வலி வராமல் இருப்பது; டெக்ஸ்மெட்டிடம் அது இல்லை. சிசேரியன் பெண் சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும், காலில் ரத்தம் உறையக் கூடாது. தொடை எலும்பில் பிளேட் வைத்தவருக்கு அன்றைக்கு எழுந்து நடக்கும் அவசரம் இல்லை. அவருக்கு இது பொருத்தம். நாடித்துடிப்பு இறங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் பெரியவருக்கு நான் தொடவே மாட்டேன்.

இன்னொன்று. அமெரிக்காவில் 1999-ல் இதற்கு அனுமதி கிடைத்தது, ஐ.சி.யு.வில் நரம்பு வழியாகச் செலுத்துவதற்கு. முதுகுக்கான மருந்து என்று லேபிளில் போடவில்லை. ஸ்பைனலில் போடும் பல மருந்துகளுக்கு இதே நிலைதான் என்றாலும், எதிரில் படுத்திருப்பவருக்கு அது தெரியாது என்பதை நாமாவது நினைவில் வைத்திருக்கலாம்.

டெக்ஸ்மெட்டில் நான் கற்ற பாடம் மருந்தைப் பற்றியதல்ல, சிரிஞ்சைப் பற்றியது. 1 மி.லி.யில் 100 மைக்ரோகிராம் இருக்கும் ஆம்புல். 5 மைக்ரோகிராமுக்கு 0.05 மி.லி. வேண்டும். இன்சுலின் சிரிஞ்சில் எடுப்பது வழக்கம். ஆரஞ்சு மூடி போட்ட யூ-100 சிரிஞ்சில், அதாவது 1 மி.லி.யை 100 யூனிட்டாகப் பிரித்ததில், 5 யூனிட் என்றால் சரியாக 0.05. ஒரு நாள் ஸ்டோரிலிருந்து சிவப்பு மூடிப் பெட்டி வந்திருந்தது, யூ-40; இதில் 1 மி.லி.க்கு 40 யூனிட்தான். கை பழக்கத்தில் 5 யூனிட் இழுத்தேன். அது 0.125 மி.லி., அதாவது 12.5 மைக்ரோகிராம். ஹெர்னியாவுக்கு வந்த அந்த மனிதரின் நாடித்துடிப்பு 42-க்கு இறங்கி, அட்ரோபின் போட்டு ஏற்றினோம். கால் வர ராத்திரி ஆனது. "காலு என்னோடதுதானா மேடம்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து நான் யூனிட் பேசுவதில்லை, மி.லி. மட்டுமே பேசுகிறேன், அளவெடுக்க 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்ச்.

சிரிஞ்சைச் சொல்லும்போதே ஆம்புலையும் சொல்லிவிட வேண்டும். ரத்தப்போக்கைத் தடுக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் ஆம்புலை ஹெவி என்று நினைத்து முதுகில் போட்டுவிட்ட சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. வலிப்பு, இதயத் துடிப்புக் குலைவு, மரணம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. இரண்டையும் ஒரே டிரேயில் வைக்கும் தியேட்டரில் எந்தத் துணை மருந்து சிறந்தது என்று விவாதிப்பதில் அர்த்தமில்லை.

மீதிப் போட்டியாளர்களைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். மெக்னீசியம் சல்ஃபேட் மலிவு, எல்லா லேபர் வார்டிலும் கிடக்கும், 50 மில்லிகிராம் போட்டால் வலியைக் கொஞ்சம் தள்ளும், ஆனால் மரப்பு ஏறுவதையும் தாமதப்படுத்தும். 50 சதவீத ஆம்புலில் அது 0.1 மி.லி., மறுபடி அதே சிரிஞ்ச் தலைவலி. மிடசோலத்தைப் போடுபவர்கள் வாந்தி குறைகிறது என்பார்கள். ஆனால் நம் கையில் வரும் பல குப்பிகளில் பென்சைல் ஆல்கஹால் இருக்கும், அது தண்டுவடத்துக்கு ஆகாது. கெட்டமின் குப்பியின் பதப்படுத்திக்கும் இதே ஆட்சேபம், அதோடு கண்ணைத் திறந்தால் சுவர் நகர்கிறது என்பார்கள். நியோஸ்டிக்மின் கொஞ்ச காலம் பேசப்பட்டு வாந்தியாலேயே ஒழிந்தது. இவற்றில் எதையும் நான் போடுவதில்லை.

அப்படியானால் என் கை எதற்குப் போகும்? ராத்திரி மூச்சு எண்ண ஆள் இருக்கும் மருத்துவமனையில் சிசேரியனுக்கு, ஹெவியோடு ஃபென்டனில் 15 மைக்ரோகிராம், மார்ஃபின் 100 மைக்ரோகிராம். முன்னது தியேட்டருக்கு, பின்னது வார்டுக்கு. ஆள் இல்லாத இடத்தில் ஃபென்டனிலோடு நிறுத்திவிட்டு, அறுவை முடிந்ததும் அல்ட்ராசவுண்டு வைத்து வயிற்றின் இரு பக்கமும் டேப் (TAP) பிளாக், அதாவது வயிற்றுச் சுவரின் நரம்புகளை மரக்கவைக்கும் ஊசி. மார்ஃபின் போட்டவருக்கு அந்த பிளாக்கால் கூடுதலாகப் பெரிய லாபம் இல்லை. போடாதவருக்கு அது வரப்பிரசாதம். மெஷினும் இல்லையென்றால் ப்யூப்ரனார்ஃபின், வாந்திக்கு முன்கூட்டியே ஆன்டான்செட்ரான். அன்றே வீட்டுக்குப் போகும் ஹெர்னியாவுக்குக் குறைந்த ஹெவி, ஃபென்டனில், தைக்கும் இடத்தில் சர்ஜன் போடும் மரப்பு ஊசி போதும். மார்ஃபின் போட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கணுக்கால், முழங்கால் எலும்பு முறிவுக்கு, இதயம் நன்றாக இருந்தால் டெக்ஸ்மெட். முழங்கால் மாற்று அறுவையில் போட்டியே இப்போது முதுகை விட்டு நகர்ந்துவிட்டது. தொடையில் போடும் நரம்பு பிளாக்கும் மூட்டைச் சுற்றிப் போடும் ஊசியும் இருக்கும்போது மார்ஃபின் இரண்டாம் பட்சம்.

எதைப் போட்டாலும் ஆறு மணிக்கொருமுறை பாரசெட்டமாலும், கிட்னி சரியாக இருந்தால் டைக்ளோஃபினாக்கும் நேரம் தவறாமல் போக வேண்டும். "வலிச்சா சொல்லும்மா, ஊசி போடறேன்" என்று எழுதி வைத்தால் நம் ஊர்ப் பெண்கள் சொல்லவே மாட்டார்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து "நாங்கல்லாம் வயக்காட்டுல பெத்துட்டு வந்தோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது யார் வாயைத் திறப்பார்கள்?

தியேட்டரை விட்டுக் கிளம்பும் முன் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுகிறேன்: "ஸ்பைனல் மார்ஃபின் 100 மைக்ரோகிராம், காலை 9.40. இரவு 9.40 வரை 2 மணிக்கொருமுறை மூச்சு எண்ணவும், கூப்பிட்டுப் பார்க்கவும். தூக்க ஊசி வேண்டாம். அரிப்புக்கு அவில் வேண்டாம், எனக்கு போன் செய்யவும்." கீழே என் நம்பர். நலாக்ஸோன் ஆம்புல் ஒன்றை அந்தத் தாளோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டிவிடுகிறேன்.